பதினோராம் படி

கிணற்றுக் கேட்டில் பூட்டு தொங்கியது. ஆறு வருஷமாக தினம் விடிந்ததும் வருகிறாள் குணமாலா, அந்தக் கேட்டில் பூட்டைப் பார்த்ததே கிடையாது. ஆடு மாடு உள்ளே இறங்காமலிருக்க ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்குப் புதுப் பித்தளைப் பூட்டு. அதற்கு முன்னால் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, மரியம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

குணமாலா ஸ்கூட்டியை நிறுத்தினாள். பையிலிருந்து வாயில் வெள்ளைத்துணி கட்டின சின்னப் பித்தளைச் சொம்பை வெளியே எடுத்தாள்.

"இன்னா மரியம்மா, பூட்டு போட்டிருக்குது?"

"ஆமா, போட்டிருக்குது."

"சாவி?"

"தலைவரம்மா நதியா கிட்ட இருக்குது." மரியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "எங்கூரு கெணறு. எங்கூரு பூட்டு."

"அதுக்கில்லமா. நான் வர்றது தெரியுமில்ல? ரெண்டு நிமிசம். ஊத்திட்டுப் போயிடுவேன்."

"தெரியும். தெரிஞ்சுதான் பூட்டினாங்க."

சொம்பு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்துமூன்று வயதுப் பெண்பிள்ளை காலங்காத்தாலே ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஸ்கூட்டியில் போவானேன் என்று யாரும் கேட்பார்கள். அருகன்தாங்கலில் நயினார் வீடுகள், அதாவது சமண வீடுகள், முப்பதுக்குக் குறையாது. தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்கிற வீடு அதில் ஒன்றுகூடக் கிடையாது. கெட்டித் துணியை இரட்டையாக மடித்துக் குடத்தின் வாயில் போட்டு வடிப்பார்கள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு, குடித்துக் கொல்லக் கூடாது. வடித்த பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டுவிடுவது மற்ற வீடுகளின் பழக்கம். குணமாலாவும் அப்படித்தான் இருந்தாள், கால்நடையாக வந்த துறவி அம்மையார் ஒருவர் ஊர்க் கோயிலில் பதினைந்து நாள் தங்குகிற வரைக்கும். "வடிச்சியேம்மா, துணியில் தங்கின உயிரை எங்கே விட்டாய்?" என்று கேட்டார் அவர். எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தாயோ அந்தத் தண்ணீரிலேயே கொண்டுபோய் விடு, விட முடியாவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்றார். குணமாலா அன்றைக்கே விரதம் எடுத்துக்கொண்டாள். ஏதாவது ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஜாதகம் இல்லை அவளுடையது.

எடுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாள். குழாயிலிருந்து வருகிறது. குழாய்க்கு? மேல்நிலைத் தொட்டியிலிருந்து. தொட்டிக்கு? ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பைப் போன வழியே ஸ்கூட்டியை விட்டுப் பார்த்ததில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, செல்லாக்குப்பம் ஏரியோரம் இருக்கிற இந்தப் படிக்கிணற்றில் வந்து நின்றது. அன்று முதல் தினம் காலையில் தண்ணீர் வடித்ததும், துணியைச் சொம்பில் அலசி, இங்கே கொண்டுவந்து, படியிறங்கி விட்டுவிட்டுப் போகிறாள். மழைக்காலத்தில் மூன்று படி இறங்கினால் போதும். கோடையில் கூடுதலாக இறங்க வேண்டும். எத்தனையாவது படியில் கால் நனைகிறது என்பது அவளுக்குத் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி தினம் தெரியும்.

அந்தக் கிணறு இரண்டு ஊருக்கும் பொது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம். அருகன்தாங்கல் கிணறெல்லாம் உப்பு. செல்லாக்குப்பத்தில் நல்ல தண்ணீர் உண்டு, தொட்டி கட்ட மேட்டு நிலம் இல்லை. தனித்தனியாக மனு கொடுத்து இரண்டு ஊராட்சியும் அலுத்துப்போன பிறகு, சேர்ந்து வாருங்கள் என்றார்கள் அதிகாரிகள். சேர்ந்தார்கள். கிணறு அங்கே, தொட்டி இங்கே. தொட்டியிலிருந்து காலையில் செல்லாக்குப்பத்துக்கு, மாலையில் அருகன்தாங்கலுக்கு. மோட்டார் போடுகிற வேலை மரியம்மாளுக்கு. வால்வைத் திருப்புகிற வேலை அருகன்தாங்கல்காரர்களுக்கு.

"ஒம்போது நாளு," என்றாள் மரியம்மாள். கீரைக்காம்பை வீசி எறிந்தாள். "ஒம்போது நாளா எங்கூர்ல குழா சொட்டல. நான் காலைல அஞ்சு மணிக்கு மோட்டார் போடறேன். தண்ணி உங்க தொட்டிக்கு ஏறுது. எங்க தெருக் குழால காத்து வருது."

"ஏன்?"

"ஏன்னு என்னக் கேக்கறீங்களா? வால்வ மூடினது யாரு? உங்க ஊட்டுக்காரரு!"

குணமாலாவின் புருஷன் ஜினகுமார்தான் அருகன்தாங்கல் ஊராட்சித் தலைவர். எட்டு நாளாகவே மரியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு இறங்கி ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

"என் கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"தெனம் எங்க தெரு வழியாதான வர்றீங்க? குழாயாண்ட காலிக் கொடம் வரிசையா நிக்கறது கண்ணுல படலியா? பூச்சி சாவக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி எடுத்துக்கினு வர்றீங்க, நல்லதுதான். மனுசன் நிக்கறத ஒரு நாள் திரும்பிப் பாத்தீங்களா?"

குணமாலாவுக்கு வெட்கமாக இருந்தது. வெயில் வேறு, ஏழு மணிக்கே கத்திரி சுட்டது.

"மோட்டார நிறுத்தியிருக்கலாமே நீங்க?"

"நிறுத்தலாம்னுதான் பொம்பளைங்க எல்லாம் கத்துனாங்க. நதியாதான் வாணாம்னுச்சு. அந்த ஊர்லயும் புள்ளைங்க இருக்குது, நம்ம ஆத்திரத்துக்கு அதுங்க காயணுமான்னுச்சு. சரி, மோட்டார் ஓடட்டும், ஆனா அந்த ஊரு காலு இந்தக் கெணத்துல படக்கூடாதுன்னு நாங்க முடிவு கட்டிட்டோம்."

"நான் எறங்கல. நீயாவது இத ஊத்திடும்மா." குணமாலா சொம்பை நீட்டினாள்.

மரியம்மாள் சொம்பைப் பார்த்தாள். அவளுடைய மாமியார் காலத்தில் குணமாலா வீட்டுக் கழனியில்தான் செல்லாக்குப்பத்துக்காரர்கள் நாற்று நட்டார்கள். அப்போதெல்லாம் அந்த வீட்டிலிருந்து எது நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்குவார்கள். மரியம்மாள் கையைக் கீரையிலிருந்து எடுக்கவில்லை.

"மாட்டேன்," என்றாள். "எடுத்துக்கினு போங்க."

வீட்டில் ஜினகுமார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குணமாலா சொம்பைக் கொண்டுவந்து அவர் எதிரில் டீப்பாயின்மேல் வைத்தாள்.

"வால்வ மூடினீங்களா?"

"எந்த வால்வு?"

"ஊர்ல எத்தினி வால்வு இருக்குது?"

அவர் பேப்பரை மடித்தார். கெட்டவர் இல்லை அவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஆளைக் கூப்பிட்டு ஏணி பிடிக்கிற மனுஷர். ஆனால் தன் ஊர் எல்லைக்கல்லோடு உலகம் முடிந்துபோகிறது என்று ஒரு நினைப்பு. "கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சு குணமா. ரெண்டு ஊருக்கும் பத்தாது. நம்ம ஊர்ல புதுசா போட்ட ரிஷப நகர்ல எரநூத்து இருவது ஊடு வந்துட்டுது. கம்பெனி வேலைக்குப் போறவங்க, காலைல தண்ணி இல்லாட்டி என் சட்டையப் புடிக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"எவ்ளோ எறங்கியிருக்குது?"

"இருவத்தாறாம் படிக்குப் போயிட்டுது. கூட்டுத் திட்டத்தப் பிரிச்சுக் குடுங்கன்னு ஒன்றிய ஆபீசுக்கு எழுதிட்டேன். நாளைக்குக் கூட்டம்."

குணமாலா சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை, தானாக வந்தது. "நேத்து காலைல பதினோராம் படில உக்காந்து ஊத்துனேன். பன்னெண்டாம் படி தண்ணிக்குள்ள இருந்துது. ஒரே நாள்ல பதினஞ்சு படி எறங்கிட்டுதா?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார்.

"யாருக்கு வேணா எழுதுங்க. தெனம் அந்தக் கெணத்துல எறங்கி ஏர்றவ ஒருத்தி இந்த ஊட்லயே இருக்கறா. அவளை வெச்சுக்கினே இருவத்தாறுன்னு எழுதியிருக்கீங்களே, அது எப்படிங்க கை வந்துது?"

"நீ பூச்சி வுடப் போற. தண்ணி அளக்கவா போற?" கோபம் வந்துவிட்டது அவருக்கு. "ஊர்ல எல்லாரும் சிரிக்கறாங்க. தொட்டில பிளீச்சிங் பவுடர் கொட்டறோம். உன் சொம்புல ஒண்ணும் உசுரோட இருக்காது, எல்லாம் செத்திருக்கும்."

"செத்தத நீங்க கொட்டின பவுடர் கிட்ட கேளுங்க. ஒண்ணே ஒண்ணு பொழச்சிருந்தாலும் அத நான் கொண்டுபோய் வுடணும். இன்னிக்கு வுட முடியல. வுட முடியாத தண்ணிய நான் குடிக்க மாட்டேன், அதுல ஒல வெக்கவும் மாட்டேன். இந்தச் சொம்பு அந்தக் கெணத்துல எறங்கற வரைக்கும் இந்த ஊட்ல அடுப்பு எரியாது. தெரிஞ்சுக்குங்க."

"கேன் தண்ணி வாங்கித் தர்றேன்."

"கேன் தண்ணி எந்தக் கெணத்துதுன்னு கேட்டுச் சொல்லுங்க, அங்க போய் வுட்டுட்டு வர்றேன்."

கேன் போடுகிற ஆளுக்குப் போன் செய்தே கேட்டார் மனுஷர். அவனுக்கும் தெரியவில்லை. முசரவாக்கம் பக்கமிருந்து லாரி வருதுங்க, அதுக்கு மேல தெரியாதுங்க என்றான்.

குணமாலா கொல்லையில் இருந்த தென்னையிலிருந்து இரண்டு இளநீரை இறக்கிக்கொண்டாள். ஒன்றைக் குடித்தாள், இன்னொன்றை வைத்துக்கொண்டாள். ஜினகுமார் மத்தியானம் வாலாஜாபாத் போய் ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறார். சாம்பாரில் வெங்காயம், பொரியலில் உருளைக்கிழங்கு. மண்ணுக்குள் விளைந்ததைத் தொடாத நாக்கு, என்ன செய்வார், தயிர் சாதத்தை அரைகுறையாகத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் நாலு வாழைப்பழத்தோடு வீடு திரும்பினார். பொழுது போன பிறகு அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. பழத்தை நின்றுகொண்டே உரித்துத் தின்றார். குணமாலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

அதற்கு முன்னால், மூன்று மணி வெயிலில், அவள் செல்லாக்குப்பம் போய்விட்டு வந்திருந்தாள். இந்தத் தடவை தெருவைப் பார்த்துக்கொண்டு போனாள். வயசுப் பெண்கள் இரண்டு பேர் சைக்கிளின் இருபுறமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூரம் போகிற வழியில் ஒரு பம்புசெட்டு ஓடுகிறதாம், அங்கிருந்து. மாதாகோயில் வாசலில் ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறாள், தண்ணீரில்லாமல், சாம்பலும் தேங்காய் நாருமாக. குணமாலா ஒவ்வொரு குழாயிடமும் ஸ்கூட்டியை மெதுவாக்கினாள். மரியம்மாள் சொன்னதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நதியா தறியில் இருந்தாள். ஊராட்சித் தலைவராகி நாலு வருஷமாகியும் காஞ்சிபுரத்து நெசவாளர் சொசைட்டிக்குச் சேலை நெய்வதை அவள் விடவில்லை. குழிக்குள் கால் மிதிக்க, கை நூல் சுற்றின நாடாக்கட்டையை எறிய, அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை ஏறிக்கொண்டிருந்தது. மறுபக்கக் கரைக்கு அவள் புருஷன் இளங்கோவன் உட்கார்ந்து தனி நாடா தள்ளிக்கொண்டிருந்தான். வந்தது யாரென்று பார்த்ததும் நதியா கையை நிறுத்தினாள்.

"வாங்கம்மா. தண்ணி குடுக்கச் சொல்லலாம்னா ஊட்ல தண்ணி இல்ல."

"குடுத்தாலும் குடிக்க மாட்டேன்மா. நாளைக்குக் கூட்டத்துல நான் வந்து பேசறேன். பதினோராம் படின்னு சொல்றேன்."

நதியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்காரரு எதிர்ல நின்னுக்கினு சொல்லுவீங்களா?"

"அவரு எழுதினது பொய்யின்னா எங்க நின்னா இன்னா?"

"இன்னிக்கு சொல்லிடுவீங்க. அப்பறம் நாளும் பொழுதும் அந்த ஊட்லதான இருக்கணும்?"

"அது எங்க ஊட்டுச் சண்ட. அத நான் பாத்துக்கறேன்."

நதியா சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியது. கரையைத் தொட்டுக் காட்டினாள். "இது கோர்வைமா. ஒடம்பு ஒரு நூலு, கர ஒரு நூலு. நான் ஒருத்தியே நெய்ய முடியாது. அந்தப் பக்கம் இவரு எழுந்து போயிட்டாருன்னா கரையும் ஒடம்பும் தனித்தனியா தொங்கும், கடைல எடுக்க மாட்டான். திட்டமும் அப்படித்தான். நான் நாலு தபா கடுதாசி போட்டேன், கூட்டுக் குழுவக் கூட்டுங்கன்னு. ரெண்டு வருசமா கூட்டவேல்ல. ரிஷப நகர் ஆளுங்களுக்கு தண்ணி வாணாம்னு நான் சொல்லல. எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுன்னுதான் சொல்றேன்."

"அத நாளைக்கு சத்தமா சொல்லும்மா," என்றாள் குணமாலா.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். மின்விசிறி சுற்றினது, காற்று வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உமாபதி என்கிற துணை அலுவலர். இந்தப் பக்கம் ஒரு ஓரத்தில் ஜினகுமார், மறு ஓரத்தில் நதியா, பின்னால் பெஞ்சில் மரியம்மாளும் செல்லாக்குப்பத்துப் பெண்கள் ஆறேழு பேரும். உமாபதி கடிதத்தைப் படித்து முடித்தார். நீராதாரம் வற்றி இருபத்தாறாம் படிக்குச் சென்றுவிட்டபடியால், அருகன்தாங்கல் தனித் திட்டமாகப் பிரிந்துகொள்ள அனுமதி வேண்டும் என்று இருந்தது.

"ஆட்சேபணை இருக்குதுங்களா?"

"இருக்குது," என்று குரல் வாசலிலிருந்து வந்தது.

ஜினகுமார் திரும்பிப் பார்த்தார். குணமாலா நின்றாள். ஒரு கையில் துணி கட்டின சொம்பு. நேற்று காலையிலிருந்து இரண்டு இளநீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. உதடு காய்ந்திருந்தது, குரல் காயவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் உமாபதி.

"தலைவர் சம்சாரம். அதுக்காக வரல. கெணத்துக்கு தெனம் போறவ, அதுக்காக வந்தேன். இருவத்தாறாம் படின்னு யாரு எறங்கிப் பாத்தாங்க, கேளுங்க."

உமாபதி ஜினகுமாரைப் பார்த்தார். ஜினகுமார் முகம் கறுத்தது. "ஆபரேட்டர் சொன்னதுதாங்க."

"எந்த ஆபரேட்டர்?"

பின்பெஞ்சில் மரியம்மாள் விருட்டென்று எழுந்தாள். "அந்தக் கெணத்துக்கு ஆபரேட்டர் நான் ஒருத்திதான். நான் எப்போங்க சொன்னேன்? எங்கூட பேசியே ஒரு வருசமாவுது நீங்க!"

பெண்கள் சிரித்தார்கள். உமாபதி பேனாவைத் தட்டி அமைதிப்படுத்தினார். "அம்மா, நீங்க எத்தனையாவது படின்னு சொல்றீங்க?"

"நான் சொல்றது எதுக்குங்க? அவரு சொன்னாரு, நான் சொன்னேன்னு ஆயிடும். ஜீப்பு நிக்குது. பன்னெண்டு வருசத்துல இந்த ஆபீஸ்லருந்து யாராவது அந்தக் கெணத்தப் பாத்திருக்கறீங்களா? வாங்க, எறங்கிக் காட்டறேன்."

"குணமா, போதும். ஊட்டுக்குப் போ," என்றார் ஜினகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறேன். இந்தச் சொம்ப ஊத்திட்டுப் போறேன்."

உமாபதிக்கு அந்த வெயிலில் போக இஷ்டமே இல்லை. ஆனால் பின்பெஞ்சு முழுக்க எழுந்து நின்றுவிட்டது. எழுந்தார்.

ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கிணற்றைச் சுற்றிச் செல்லாக்குப்பமே திரண்டு நின்றது. நதியா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். ஜினகுமாரும் உமாபதியும் முன்னால் வந்தபோது கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நீங்க மேலருந்து பாருங்க. குணமாலாம்மா மட்டும் எறங்கட்டும்."

குணமாலா செருப்பைக் கழற்றினாள். முதல் படியில் கால் வைத்து, "ஒண்ணு," என்றாள். கிணறு அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. இரண்டு, மூன்று. தலை லேசாகச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாலு என்றபோது மேலிருந்து மரியம்மாளும் சேர்ந்து சொன்னாள். ஐந்துக்கு இன்னும் நாலு பேர். எட்டாம் படியில் செல்லாக்குப்பம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. "பத்து! பதினொண்ணு!" குணமாலா உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பன்னிரண்டாம் படி தண்ணீருக்குள் பச்சையாகத் தெரிந்தது, கணுக்கால் வரை நனைந்தது.

துணியை அவிழ்த்தாள். சொம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்தாள், சத்தம் வராமல். ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்ததில் எத்தனை மிஞ்சியிருக்குமோ தெரியாது. மன்னிச்சுக்குங்க என்று சொல்லிக்கொண்டாள். பிறகு மேலே அண்ணாந்து கத்தினாள்.

"தலைவரே! உங்க இருவத்தாறாம் படி இன்னும் பதினஞ்சு படி கீழ இருக்குது. முங்கிப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

உமாபதி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, "வால்வைத் திறந்துடுங்க சார்," என்றார் மெதுவாக. "கூட்டுக் குழு இல்லாம இனிமே யாரும் தொடக்கூடாது. ரிஷப நகருக்குத் தனியா ஏற்பாடு வேணும்னா, ரெண்டு ஊராட்சியும் சேர்ந்து ஒரே மனுவா கொடுங்க, பாலாத்து லைன்ல இணைக்க நான் எழுதறேன். தனித்தனியா வந்தீங்கன்னா அது நடக்கற காரியமில்ல."

"வால்வு சாவி, அதத் திருப்பற குமரகுரு கிட்ட இருக்குதுங்க," என்றார் ஜினகுமார். "அவன் காஞ்சிபுரம் போயிருக்கறான். சாயங்காலம்தான் வருவான்."

குணமாலா ஈரக்காலோடு படியேறி வந்தாள். "அவங்கிட்ட இல்ல. நம்ம ஊட்டுக் கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சிருந்தீங்க. எடுத்தாந்துட்டேன்." ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில் நீளமாகக் கோணிச்சாக்கு சுற்றிக் கிடந்தது. சாக்கை உருவினாள். ஆள் இடுப்புயர இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி.

தொட்டியடிக்கு எல்லாரும் போனார்கள். சிமெண்ட் மூடியைத் தள்ளி, சாவியை உள்ளே இறக்கி, குணமாலா ஒருபக்கம் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இரண்டு நாள் பட்டினி உடம்பு. ஜினகுமார் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதற்குள் மரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குறுக்குக் கம்பியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நீங்க தள்ளுங்க, நான் இழுக்கறேன். அய்யோ, அந்தப் பக்கம் இல்லமா, இந்தப் பக்கம்! ஆறு வருசமா கெணத்துக்கு வந்து இன்னாத்த கத்துக்கினீங்க!"

"கத்தாதமா. சுத்து."

சுற்றினார்கள். ஒரு சுற்று, ஒன்றரை. கீழே பைப் கரகரவென்று இருமிற்று. பத்து நிமிஷம் கழித்து செல்லாக்குப்பம் மாதாகோயில் தெருவிலிருந்து யாரோ மரியம்மாளுக்குப் போன் செய்தார்கள். போன் காதைப் பிளந்தது. "வந்துட்டுது! வந்துட்டுது! செவப்பா வருது, ஆனா வருது!"

கூட்டுக் குழு அந்த வாரமே கூடியது. இரண்டு வருஷத்துக் கோபத்தையும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தார்கள். நாற்காலி ஒன்று உடைந்தது என்று கேள்வி. கடைசியில் மூன்று முடிவு. வால்வுத் தொட்டிக்கு இரண்டு பூட்டு, கோயில் உண்டியலுக்குப் போடுகிற மாதிரி, ஊருக்கு ஒரு சாவி. ரிஷப நகருக்காக ஒரே மனு, இரண்டு தலைவர் கையெழுத்தோடு. மூன்றாவது, கிணற்றில் தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று தினம் இரண்டு ஊராட்சிப் பலகையிலும் எழுத வேண்டும். யார் போய்ப் பார்ப்பது என்று கேள்வி வந்தது. குணமாலாம்மாதான் தினம் போறாங்களே என்றார் அருகன்தாங்கல் உறுப்பினர் ஒருவர்.

"அவங்க போக மாட்டாங்க," என்றாள் நதியா. "ஒரு மாசம் நான் போறேன், ஒரு மாசம் அவரு போவட்டும். இருவத்தாறுன்னு எழுதின கை, எறங்கிப் பாத்துட்டு எழுதட்டும்."

ஜினகுமார் வேறுவழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். முதல் மாதம் அவருடையது. போகிற உத்தேசம் அவருக்கு இல்லை, குமரகுருவை அனுப்பலாம் என்று இருந்தார்.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் சத்தமே இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. குணமாலா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீப்பாயின்மேல் வெள்ளைத்துணி கட்டின சொம்பு, அதன் பக்கத்தில் ஸ்கூட்டிச் சாவி.

"இன்னா இது?"

"உங்க மொற. தெருப்பக்கமா போங்க, ஏரிக்கர பக்கமா சுத்திக்கினு போவாதீங்க. குழால தண்ணி வருதான்னு பாத்துக்கினே போங்க."

"குணமா, நான் தலைவன். ஊரு பாக்க, அந்தப் பொம்பளைங்க நடுவுல சொம்பத் தூக்கிக்கினு..."

"நான் ஆறு வருசமா தூக்கல? ஊத்தறப்ப சத்தம் வரக்கூடாது. சொம்பத் தண்ணிக்குள்ள சாய்ச்சு வுடணும். படிய எண்ணிச் சொல்லுங்க, அப்பறம் ஒல வெக்கறேன்."

அன்றைக்கு நின்றுகொண்டே தின்ற வாழைப்பழம் ஞாபகம் வந்திருக்க வேண்டும் அவருக்கு. வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். செல்லாக்குப்பம் தெரு முழுக்க அந்த ஸ்கூட்டியை அடையாளம் தெரியும், ஓட்டுகிற ஆள்தான் புதுசு. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

கேட்டில் மரியம்மாள் நின்றாள். பூட்டைத் திறந்து வழிவிட்டாள். ஜினகுமார் செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக்கட்டி, சுவரைப் பிடித்தபடி இறங்கினார். இதுநாள்வரை அந்தக் கிணற்றை அவர் ஒரே ஒரு தடவை மேலிருந்து பார்த்ததோடு சரி. குளிர்ச்சியாக இருந்தது. சொம்பைச் சத்தமில்லாமல் சாய்க்க இரண்டு தடவை முயன்றார், இரண்டாவது தடவை சரியாக வந்தது.

"எத்தினி படி தலைவரே?" என்று மேலிருந்து மரியம்மாள் கேட்டாள்.

"பதினொண்ணு," என்றார் வாய்க்குள்ளே.

"கேக்கல."

"பதினொண்ணு!" கிணறு முழுக்க மோதித் திரும்பி வந்தது குரல்.

மரியம்மாள் கையிலிருந்த போனைக் காதில் வைத்தாள். அவர் இறங்கினதிலிருந்து லைன் கட்டாகாமலே இருந்தது. "கேட்டுதாமா உங்களுக்கு?"

"கேட்டுது மரியம்மா," என்றாள் அந்தப் பக்கம் குணமாலா. "ஒல வெக்கறேன்னு சொல்லு. நாளைக்கும் இதே மாதிரி சத்தமா சொல்லச் சொல்லு."